ஒற்றைக் கைக்கு ஒரு சமையலறை

எங்கள் சமையலறையில் இரண்டு பேர் சேர்ந்து நிற்க முடியாது. ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்து வீடுகள் எல்லாமே அப்படித்தான். முன்னால் ஒரு அறை, அதற்குப் பின்னால் இன்னொன்று, கடைசியில் அடுப்படி. ஒருவர் அடுப்புப் பக்கம் நின்றால் மற்றவர் நிலைப்படியில்தான் நிற்க வேண்டும். கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் என் மனைவி உள்ளே நின்றாள், நான் நிலைப்படியில் நின்று சாப்பாடு ஆயிற்றா என்று கேட்டேன்.

எனக்கு ராஜாஜிநகர்ப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் வேலை. டர்னர். இரும்பு, பித்தளை, அலுமினியம் எது கொடுத்தாலும் கேட்ட அளவுக்குக் கடைந்து கொடுப்பேன். அந்தக் கர்வம் எனக்கு உண்டு. வீட்டில் எந்தப் பொருள் பழுதானாலும் கடைக்குக் கொண்டுபோக விடமாட்டேன். மிக்ஸி ஜாரின் அடியில் இருக்கும் பல்லுச் சக்கரம், கிரைண்டர் கல்லின் தண்டு, தோசைத் திருப்பியின் கைப்பிடி, எல்லாமே ஒருமுறையாவது என் லேத்தில் ஏறி இறங்கியவை. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்தால் என் மனைவி, "அது அவரே செஞ்சதுங்க" என்று காட்டுவாள். நான் கேட்காத மாதிரி செய்தித்தாளைப் புரட்டுவேன்.

அவளும் கைவேலைக்காரிதான். வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுப்பாள். காலையில் குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு வந்து மெஷினில் உட்கார்ந்தால், கழுத்துப் பட்டியோ கையோ முடியும்வரை எழுந்திருக்க மாட்டாள். இதனால் குக்கரில் தண்ணீர் வற்றி, சேஃப்டி வால்வ் போய்விட்டது. புதிதாக வாங்கிப் போட்டோம். ஆறு மாதத்தில் அதுவும் போயிற்று.

சேஃப்டி வால்வ் என்பது மூடியின் மேல், விசிலுக்குப் பக்கத்தில் திருகியிருக்கும் சின்னப் பொருள். அதன் நடுவில் சீக்கிரம் உருகுகிற உலோகம் கொஞ்சம் வைத்திருப்பார்கள். தண்ணீர் வற்றினாலும், விசில் ஓட்டை அடைத்துக்கொண்டாலும் உள்ளே சூடு ஏறும். அந்த உலோகம் உருகி வழி விடும். ஆவி அந்த ஓட்டை வழியாக வெளியே போய்விடும். அவ்வளவுதான் அதன் வேலை. உருகுவதற்காகவே இருக்கிற பொருள் அது. இது எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. உலோகம்தான் என் தொழில்.

இரண்டாவது முறை வால்வ் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடை மூடியிருந்தது. விருந்தாளி வரும் நாள். எனக்கு எரிச்சல் வந்தது. மறுநாள் பட்டறையில் ஒரு துண்டுப் பித்தளையை எடுத்து, பழைய வால்வின் மரையை அளந்து, அதே அளவில் ஒன்றைக் கடைந்தேன். நடுவில் ஓட்டை இல்லை, உருகும் உலோகம் இல்லை. முழுக்கப் பித்தளை. எமரி தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மூடியில் திருகி மாட்டும்போது அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"இது உருகாதா?" என்று கேட்டாள்.

"உருகவே உருகாது. இனிமே இந்தத் தொல்லையே இல்ல" என்றேன்.

"உருகணும்னுதானே வெக்கிறாங்க?"

"நீ தண்ணிய வத்த விடாம பாத்துக்கிட்டா போதும். மத்தத நான் பாத்துக்கிறேன்."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. இப்படிப்பட்ட விஷயங்களில் என் பேச்சை அவள் நம்புவாள்.

அந்தப் பித்தளை ஒரு வருஷத்துக்கு மேல் ஒழுங்காக இருந்தது. என்னோடு வேலை பார்ப்பவர் ஒருவர் அதைப் பற்றிக் கேள்விப்பட்டு, தனக்கும் ஒன்று வேண்டும் என்றார். அவருக்கும் கடைந்து கொடுத்தேன்.

ஒரு நாள் காலை, நான் ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. துவரம்பருப்பும் தக்காளியும் குக்கரில் இருந்தன. தக்காளித் தோலோ பருப்போ விசில் ஓட்டையை அடைத்திருக்க வேண்டும். வெகு நேரமாக விசில் வரவில்லை. மெஷினிலிருந்து அவள் எழுந்து, "ஏன் இன்னும் கூவல?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உள்ளே போனாள். அடுப்பை அணைக்கத்தான் போயிருக்கிறாள்.

சத்தம் கேட்டபோது சந்தில் ஏதோ லாரி மோதிவிட்டது என்று நினைத்தேன். பிறகு அவள் குரல் கேட்டது. உள்ளே ஓடினேன். சமையலறை முழுக்க ஆவி. கூரை ஷீட்டில் பருப்பு ஒட்டியிருந்தது. முகத்தை மறைக்க அவள் வலது கையைத் தூக்கியிருக்கிறாள். அதனால் முகம் தப்பியது. விரல் நுனியிலிருந்து முழங்கைக்கு மேல்வரை வெந்துபோயிருந்தது. நான் குழாயைத் திறந்து கையைத் தண்ணீரில் பிடித்தேன். அவள் கத்தவில்லை. "வளையல கழட்டுங்க, வளையல கழட்டுங்க" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோ பிடித்தார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அன்று மாலை துணிமணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே குக்கர் மூடி வளைந்து கிடந்தது. அதில் என் பித்தளை ஒரு கீறல்கூட இல்லாமல் அப்படியே இருந்தது. நான் அதைத் திருகிக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். மூடியைச் சாக்கில் சுற்றிப் பரண்மேல் வைத்தேன். எப்படி ஆச்சு என்று கேட்டவர்களிடம், "கம்பெனிப் பொருளே சரியில்லங்க. குக்கர் வெடிச்சிடுச்சு" என்று சொன்னேன். முதல் தடவை சொல்லும்போது நாக்கு தடுமாறியது. நாலாவது தடவை தடுமாறவில்லை.

மூன்றாம் நாள் வார்டு வாசலில் உட்கார்ந்திருந்தபோது பட்டறை நண்பர் ஞாபகத்துக்கு வந்தார். அவர் வீட்டு அடுப்பிலும் என் கையால் கடைந்த பித்தளை இருக்கிறது. ஆட்டோ பிடித்து அவர் வீட்டுக்கு ஓடினேன். அவர் மனைவி குக்கரில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். மூடியை வாங்கி அங்கேயே நின்று வால்வைக் கழற்றினேன். "என்னண்ணா, என்னாச்சு?" என்று கேட்டாள். "அளவு தப்பாயிடுச்சும்மா. புதுசு கடையில வாங்கிப் போடுங்க. அதுவரைக்கும் இத அடுப்புல ஏத்தாதீங்க" என்றேன். அவளிடமும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

தொடையிலிருந்து தோல் எடுத்துக் கையில் ஒட்டினார்கள். ஒரு மாதத்துக்கு மேல் ஆஸ்பத்திரி. வீட்டுக்கு வந்தபோது கையின் மேல்புறம் இறுகியிருந்தது. சுண்டு விரலும் மோதிர விரலும் உள்ளங்கைப் பக்கம் மடங்கியே நின்றன. கட்டை விரல் மற்ற விரல்களைத் தொடவில்லை. கையால் ஒரு பொருளை அழுத்தலாம், அணைத்துப் பிடிக்கலாம். இறுக்கிப் பிடிக்க முடியாது. தையல் மெஷின் மேல் ஒரு பழைய போர்வையை அவளே இடது கையால் இழுத்துப் போட்டாள்.

எங்களுக்கு ஒரே மகள். கல்யாணமாகி அத்திபெலேயில் இருக்கிறாள், அங்கேயே ஒரு கம்பெனி ஆபீசில் வேலை. ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் ஏறி வந்துவிடுவாள். அவளுக்குத்தான் கோபம் ஆறவே இல்லை. ஒரு வாரம் கையில் காகிதங்களோடு வந்தாள். குக்கர் கம்பெனி மேல் நுகர்வோர் கோர்ட்டில் புகார் கொடுப்பதற்கு எல்லாம் எழுதி வைத்திருந்தாள்.

"அப்பா, அந்த மூடி எங்க? அத காட்டணும். அதுதான் சாட்சி" என்றாள்.

"தூக்கிப் போட்டுட்டேம்மா."

"யாராவது அத போய் தூக்கிப் போடுவாங்களா? அம்மா கை போச்சு, நீங்க சும்மா விட்டுட்டீங்களே! எனக்கு அது வேணும். எந்தக் குப்பையில போட்டீங்க சொல்லுங்க, நான் தேடுறேன்."

கட்டிலில் படுத்திருந்த என் மனைவி, "விடும்மா. ஸ்வல்ப நாள் போகட்டும்" என்றாள். மகள் காகிதங்களை மேஜைமேல் வைத்துவிட்டு, அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிப் போனாள்.

அவள் செருப்புச் சத்தம் சந்து முனையைத் தாண்டியிருக்காது. என் மனைவி எழுந்து உட்கார்ந்தாள்.

"அந்தப் பித்தளைய எங்க வெச்சிருக்கீங்க?"

நான் மேஜைமேல் இருந்த காகிதங்களை அடுக்கினேன்.

"பட்டறையிலயா?"

"ஆமா."

"எனக்கு அன்னிக்கே தெரியும். ஆட்டோவுல போகும்போதே தெரியும். நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன். ஆஸ்பத்திரியில தினம் பாத்தேன். வீட்டுக்கு வந்தும் பாத்தேன்." அவள் குரல் உயரவே இல்லை. "அவகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன். ஆனா யாரோ ஒரு கம்பெனிக்காரன் மேல என் கைய வெச்சு பொய்க் கேஸு போட விட மாட்டேன்."

அடுத்த ஞாயிறு மகள் வந்ததும் நான் அந்தப் பித்தளையை அவள் முன்னால் மேஜைமேல் வைத்தேன். என்ன செய்தேன், ஏன் செய்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா கேட்டது, நான் சொன்ன பதில், அதையும் விடவில்லை. அவள் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இத செய்ய எவ்ளோ நேரமாச்சு?" என்று கேட்டாள்.

"ஒரு மணி நேரம். மேல கொஞ்சம்."

"பாலிஷ் எல்லாம் போட்டிருக்கீங்களே அப்பா" என்றாள். அப்புறம் அழுதாள். காகிதங்களைக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். பித்தளையையும் எடுத்துக்கொண்டு போனாள். அதை என்ன செய்தாள் என்று நான் இதுவரை கேட்டதில்லை. அன்றிலிருந்து ஐந்து மாதம் அவள் என்னோடு பேசவில்லை. போன் அம்மாவுக்கு வரும். வீட்டுக்கு வருவாள், அம்மாவின் கைக்கு எண்ணெய் தடவுவாள், போவாள். மகளிடம் சொன்ன மறுநாளே பட்டறையில் நண்பரிடமும் உண்மையைச் சொன்னேன். அவர், "எங்க வீட்டுல சொல்ல வேணாம்" என்று மட்டும் சொன்னார்.

அந்த நாட்களில் சமையல் என்னுடையது. நிலைப்படியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவள் உட்கார்ந்துகொள்வாள். நான் உள்ளே நிற்பேன். "தீய கம்மி பண்ணுங்க." "கடுகு வெடிக்கட்டும், அவசரப்படாதீங்க." "புளிய இன்னும் ஒரு தடவ கரைங்க." அவள் சொல்லச் சொல்லச் செய்வேன். முதல் ஒரு மாதம் சாம்பாரும் சோறும்தான், அதுவும் ஒரு நாள் போல் மறுநாள் இருக்காது.

உள்ளே நின்ற பிறகுதான் அந்தச் சமையலறையை நான் பார்த்தேன். மளிகைச் சாமான் வைக்கும் அலமாரி என் கை எட்டும் உயரத்தில் இருந்தது. நான் அடித்தது. அவள் இத்தனை வருஷமும் முக்காலி போட்டு ஏறி எடுத்திருக்கிறாள். தண்ணீர்க் குழாய் சொட்டுகிறது என்று ஒருமுறை நான் இறுக்கிவிட்டேன். அதைத் திறக்க அவள் துணி சுற்றித் திருகுவது வழக்கம் என்று அப்போதுதான் சொன்னாள். தோசைத் திருப்பிக்கு நான் போட்ட கைப்பிடி என் உள்ளங்கைக்குப் பொருத்தமாக இருந்தது. அவள் கைக்கு அது தடிமன். "சொல்லியிருக்கலாமே" என்றேன். "ஆசையா செஞ்சுட்டு வருவீங்க. எப்படிச் சொல்றது?" என்றாள்.

கைக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு பெண்ணிடம் வாரம் இரண்டு நாள் போனோம். கன்னடக்காரப் பெண், எங்களோடு தமிழும் கன்னடமும் கலந்து பேசுவாள். முதல் நாள் அந்தக் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "ஹெதர்பேடி அம்மா, பயப்படாதீங்க. மனேல என்ன கெலசம், வீட்டுல என்ன வேலை செய்யணும்னு ஆசை உங்களுக்கு?" என்று கேட்டாள்.

என் மனைவி யோசிக்காமல், "சமைக்கணும்" என்றாள்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் தலை குனிந்தேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது, ஆனாலும் குனிந்தேன்.

"அப்போ சமைங்க. இந்தக் கை பிடிக்காது. அமுக்கும், தாங்கும், ஒரு வெயிட்டு மாதிரி இருக்கும். இடது கை வேலை செய்யட்டும், வலது கை அதுக்கு ஹெல்ப்பு. அதுக்கேத்த சாமான் தேடுங்க" என்றாள். சப்பாத்தி மாவை அழுத்திப் பிசையவும், எலுமிச்சம்பழத்தை உள்ளங்கையால் உருட்டவும் கற்றுக்கொடுத்தாள். வெங்காயத்தை நிறுத்திப் பிடிக்க ஆணி அடித்த பலகை உண்டு என்று போனில் ஒரு படம் காட்டினாள்.

அந்தப் படம் என் மனதில் ஒட்டிக்கொண்டது. மறுநாள் பட்டறையில் வேலை முடிந்ததும் உட்கார்ந்தேன். நல்ல தேக்குத் துண்டு ஒன்றை இழைத்து, நடுவில் துருப்பிடிக்காத இரண்டு ஆணிகளைத் தலைகீழாக நிறுத்தினேன். ஓரத்தில் காய் நழுவாமல் இருக்க ஒரு மூலை வரம்பு. அடியில் ரப்பர். கூடவே ஒரு கத்திக்கு நழுவாத, கரடுமுரடான கைப்பிடி. மூன்று நாள் வேலை. செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து அவள் முன்னால் பிரித்தேன்.

அவள் பார்த்தாள். தொடவில்லை.

"நல்லா இருக்கு. ஆனா உங்க கையால செஞ்சது எதுவும் இப்போ எனக்கு வேணாங்க" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் வெந்நீர் வேண்டும் என்று கேட்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். நான் அதைத் திரும்பச் சுற்றிப் பட்டறைக்கே கொண்டுபோனேன். வழியில் பஸ்ஸில் அது மடியில் கனத்துக்கொண்டே வந்தது.

அதற்கு அடுத்த வாரம் அவளே பாத்திரக் கடைக்குப் போகலாம் என்றாள். விபத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரி தவிர வேறு இடத்துக்கு அவள் கிளம்பியது அன்றுதான். சேலைத் தலைப்பால் கையை மூடிக்கொண்டு வந்தாள். கடைக்குள் போனதும் தலைப்பை எடுத்துவிட்டாள். கடைக்காரர் உருது பேசும் பெரியவர். கையைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டு, "ஆராம்சே, நிதானமா பாருங்கம்மா. எல்லாத்தையும் பிரிச்சுப் பாருங்க" என்றார்.

அவள் அப்படியேதான் பார்த்தாள். தேங்காய் துருவும் மெஷின் ஒன்றை எடுத்து மேஜையில் ஒட்டவைத்து, வலது மணிக்கட்டால் அழுத்தி, இடது கையால் சுற்றிப் பார்த்தாள். "இது நழுவுது" என்று ஒதுக்கினாள். கயிறு இழுத்தால் உள்ளே பிளேடு சுற்றி வெங்காயத்தை நறுக்கும் டப்பாவை எடுத்தாள். மூடியின் மேல் வலது கையை வைத்து அழுத்தினாள், இடது கையால் கயிற்றை இழுத்தாள். ஐந்தாறு இழுப்பு. "இது வரும்" என்றாள். தோல் சீவி இரண்டு மூன்றைப் பிடித்துப் பார்த்து, அகலமான பிடி உள்ள ஒன்றை எடுத்தாள். இடுக்கியை வேண்டாம் என்றாள், சப்பாத்தி திருப்பும் நீளமான சிம்டாவை எடுத்தாள். பாத்திரத்துக்கு அடியில் விரிக்கும் ரப்பர் விரிப்பு ஒன்று. இரண்டு காதுள்ள பாத்திரங்களை விட்டுவிட்டு, நீளமான ஒற்றைப் பிடி உள்ள சின்னச் சட்டி. நான் கூடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். இது நல்லது, அது உழைக்காது என்று சொல்ல எனக்கு வாய் துறுதுறுத்தது. சொல்லவில்லை.

அடுப்புதான் அவளுக்குப் பெரிய பயமாக இருந்தது. எங்கள் பழைய அடுப்பில் ஒரு கையால் குமிழைத் திருகி, மறு கையால் லைட்டரைத் தட்ட வேண்டும். ஒரே கை என்றால் திருகிவிட்டு, லைட்டரைத் தேடி எடுத்துத் தட்டுவதற்குள் கேஸ் பரவிவிடும். இரண்டு முறை முயன்றுவிட்டு வெளியே வந்துவிட்டாள். திருகினாலே பற்றிக்கொள்ளும் அடுப்பு ஒன்றை மகள் அனுப்பினாள். முதல் நாள் என் மனைவி அதைப் பற்றவைத்து, அணைத்து, மறுபடி பற்றவைத்தாள். பத்துத் தடவையாவது இருக்கும். நான் நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தேன். அன்று அவள் வைத்தது ஒரு டம்ளர் பால் மட்டும்.

அப்படித்தான் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. பருப்பை முந்திய நாளே ஊறவைத்துத் திறந்த பாத்திரத்தில் வேகவைத்தாள். முக்கால் மணி நேரம் ஆகும். ஆகட்டும் என்பாள். குழம்பை வேறு பாத்திரத்தில் ஊற்ற, சாதத்தில் கஞ்சி வடிக்க, கனமானதை இறக்க என்னைக் கூப்பிடுவாள். அவள் கேட்காமல் அலமாரியை நான் இறக்கவில்லை. "கீழ இறக்கிக் கொடுங்க" என்று அவள் சொன்ன பிறகுதான் இறக்கினேன். எந்த உயரம் என்று அவளே நின்று சுவரில் கரித்துண்டால் கோடு போட்டாள்.

அவளுக்கு ராகிக் களி என்றால் உயிர். வாரத்தில் மூன்று நாளாவது செய்வாள். விபத்துக்குப் பிறகு அது மட்டும் வரவில்லை. கொதிக்கும் தண்ணீரில் மாவைக் கொட்டித் துடுப்பால் பலம் கொண்ட மட்டும் கிண்ட வேண்டும். ஒரு கையால் கிண்டினால் பானை கூடவே சுற்றும். நான் கிண்டினால் கட்டி தட்டும். அவள் சாப்பிடுவாள், எதுவும் சொல்லமாட்டாள். பாதியில் எழுந்துவிடுவாள்.

ஒரு வருஷம் போல ஆகியிருக்கும். ஒரு சாயங்காலம் நான் பட்டறையிலிருந்து வந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன். அவள் ஒரு நோட்டுத் தாளைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். இடது கையால் வரைந்த கோணல்மாணலான படம். பானையைச் சுற்றி ஒரு வளையம், அதற்கு மூன்று கால், ஒரு பக்கம் அடுப்பு வைத்திருக்கும் பலகைக் கல்லோடு கவ்விக்கொள்ளும் திருகு.

"களிப் பானை சுத்தாம நிக்கணும். இப்படி ஒண்ணு எந்தக் கடையிலயும் இல்ல. கேட்டுட்டேன்" என்றாள்.

நான் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"செஞ்சு தருவீங்களா?"

"தரேன்" என்றேன்.

"ஸ்வல்ப நில்லுங்க. நான் கேக்குறதுக்கெல்லாம் பதில் சொல்லணும்."

பானையின் அளவை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எடுத்தோம். அவள் நூலைப் பிடித்தாள். வளையம் எதில் செய்வது, பானையின் சூட்டில் அது எவ்வளவு காயும், கை பட்டால் சுடுமா, திருகு தளர்ந்தால் பானை எந்தப் பக்கம் சாயும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். சிலதுக்குச் சொன்னேன். கடைசியில், "கல்லு பழசு. இந்த எடத்துல கவ்வி இறுக்கினா விரிசல் விடாதா?" என்று கேட்டாள்.

விடாது என்று சொல்ல வாயெடுத்தேன். நிறுத்திக்கொண்டேன்.

"தெரியல. கல்லு வேலைக்காரர்கிட்ட கேட்டுட்டு வந்து சொல்றேன்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "சரி" என்றாள்.

கல் தாங்காது என்றுதான் அவர் சொன்னார். அதனால் கல்லை விட்டுவிட்டுச் சுவரில் பதித்த ஒரு இரும்புப் பட்டையோடு வளையத்தை இணைத்தேன். களியை அடுப்பிலிருந்து இறக்கி, அந்த வளையத்துக்குள் வைத்துக் கிண்டுவது என்று முடிவாயிற்று. இரண்டு வாரம் ஆயிற்று. முதலில் செய்தது பானைக்குத் தொளதொளவென்று இருந்தது. எடுத்துக்கொண்டு போய் மறுபடி செய்தேன்.

மாட்டிய அன்று அவள் உடனே சமைக்கவில்லை. வெறும் பானையை வைத்து ஆட்டினாள். பிறகு பச்சைத் தண்ணீர் ஊற்றித் துடுப்பால் சுழற்றினாள். மறுநாள் வெந்நீர். மூன்றாம் நாள் ஒரு ஞாயிறு, காலையிலேயே ராகி மாவை எடுத்து வைத்தாள். "நீங்க வெளிய நில்லுங்க" என்றாள். நிலைப்படிக்கு வந்தேன். தண்ணீர் கொதித்தது. மாவைக் கொட்டினாள், மூடி வைத்து வேகவிட்டாள். என்னைக் கூப்பிட்டு இறக்கி வளையத்துக்குள் வைக்கச் சொன்னாள், மறுபடி வெளியே போகச் சொன்னாள். இடது கையால் துடுப்பைப் பிடித்தாள். அதன் தலைமேல் வலது உள்ளங்கையை வைத்துத் தன் எடை முழுவதையும் கொடுத்துக் கிண்டினாள். பானை அசையவில்லை. அவள் முதுகு வியர்வையில் நனைந்தது. நடுவில் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினாள். நான் உள்ளே போகவில்லை.

உருட்டுவதற்கும் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் தடவி, களியைப் போட்டு, கிண்ணத்தை இடது கையால் சுழற்றினாள். அது தானாக உருண்டையாயிற்று. இரண்டு தட்டில் இரண்டு உருண்டை, பக்கத்தில் கீரைக் குழம்பு. தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

"கட்டி இருக்கா?" என்று கேட்டாள்.

"ரெண்டு எடத்துல இருக்கு."

"எனக்கும் ஒண்ணு ஆப்டுச்சு" என்றாள். ஆனால் தட்டில் மிச்சம் வைக்கவில்லை.

அன்று வர முடியவில்லை என்று நாங்கள் கை கழுவும்போது மகள் போன் செய்தாள். என் மனைவி தான் களி கிண்டிய கதையை அவளிடம் சொன்னாள். வளையத்தைப் பற்றியும் சொன்னாள். யார் செய்தது என்று மகள் கேட்டிருக்க வேண்டும். "உங்கப்பாதான்" என்று சொல்லிவிட்டு என் மனைவி போனை என் பக்கம் நீட்டினாள். ஐந்து மாதம் கழித்து மகள் என்னோடு பேச ஆரம்பித்திருந்தாலும், வந்தீங்களா, சாப்பிட்டீங்களா என்பதற்கு மேல் அதுவரை போனதில்லை. நான் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினேன்.

"அம்மா எல்லாம் செக் பண்ணாங்களா?" என்று கேட்டாள்.

"மூணு நாள் பண்ணா. முதல்ல செஞ்சத வேணாம்னு திருப்பி அனுப்பிட்டா."

அந்தப் பக்கம் அவள் தன் கணவனிடம் ஏதோ கேட்பது காதில் விழுந்தது.

"சரிப்பா. வர்ற ஞாயித்துக்கிழம நாங்க ரெண்டு பேரும் வர்றோம். கீரை வாங்கி வைங்க" என்றாள்.